மேனுகாவின் பூனைக்குப் பல் விழுகிறது

தேற்றாத்தீவு
2005.04.03

அன்பு மகள் நிருஷாவுக்கு,

கொம்புச்சந்திப் பிள்ளையார் துணையால் நீ அங்கே நோய்நொடி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம், சுகமாக இருக்கிறோம் என்று எழுதினால் பிள்ளையாரே சிரிப்பார். போன கிழமை ரெலிபோன் கோல் எடுத்தபோது நீ முதலில் கேட்டது, பூனைக்குட்டி வளந்திட்டுதாம்மா என்று. அம்மாவின் கால்வீக்கம் வற்றினதா என்று கேட்கவில்லை. போகட்டும், குவைத்தில் ஊரான் வீட்டைக் கூட்டித் துடைக்கிறவள், எதைக் கேட்பது என்று தெரியாமல் கேட்டிருப்பாய். கேட்டதற்கே பதில் எழுதுகிறேன். வளர்ந்துவிட்டது. வளர வேண்டியது போய்விட்டது, இந்தச் சனியன் வளர்கிறது.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் சொல்லாமல் என் வயிறு ஆறாது. கடல் வந்த அன்று உன் தங்கச்சி மேனுகா என் கையை உதறிவிட்டு இந்தக் குட்டியை எடுக்கத்தான் திரும்பி ஓடினாள். ஓடி, அதை ஓலைப்பெட்டிக்குள் வைத்து மூடியும் இருக்கிறாள். பெட்டி மிதந்துபோய்த் தாழைப் பற்றைக்குள் சிக்கிக் கிடந்தது, உள்ளே இது உயிரோடு கத்திக்கொண்டு. ஏழு வயதுப் பிள்ளை மிதக்கவில்லை. அப்பா அதைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த நாள் தொட்டு இந்தத் தகரக் கொட்டிலுக்குள் அதோடுதான் பேச்சு. என்னோடு பேசினால் அது ஏச்சு. தொழிலுக்கும் போவதில்லை.

இப்போது அதற்கு வாய் நோகிறது. கோப்பையை மணந்துவிட்டுக் கத்துகிறது, எச்சில் வடிகிறது, நிவாரணப் பாயின் விளிம்பெல்லாம் கடித்து நாராக்கிவிட்டது, பல் முரசில் இரத்தம். அது தின்னாததால் அப்பாவும் தின்னவில்லை. சாகப் போகுது, இதுவும் சாகப் போகுது என்று சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். சாகட்டுமே என்றேன். நல்ல வேளை, காத்தான்குடியில் இருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிற உசனார் காக்கா வந்தார். வாயைத் திறந்து பார்த்துவிட்டு, அட, பால்பல்லு விழுகுது தங்கச்சி, புள்ளையளுக்கு மாதிரித்தான், கராம்பெண்ணெய் கிராம்பெண்ணெய் பூசிராதீங்க, செத்துப் போயிரும், முள்ளெடுத்த மீனைச் சோத்தோட குழைச்சுக் குடுங்க, ஈரத்துணியை முடிச்சுப் போட்டுக் கடிக்கக் குடுங்க என்றார். அன்று முதல் அப்பா குந்தியிருந்து மீனில் முள் பார்க்கிறார். மேனுகாவுக்கு ஒரு நாளாவது முள் எடுத்துக் கொடுத்த மனிசனா இவர்? துணிக்கு அவர் எதைக் கிழித்தார் தெரியுமா? சேற்றுக்குள் இருந்து நான் எடுத்துக் கழுவி வைத்திருந்த அவளுடைய பூச்சட்டையை. ஏன் என்று கேட்டதற்கு, அவள் இருந்தா அவளே குடுத்திருப்பாள் என்கிறார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. குட்டியைப் பிடித்துச் சாக்குக்குள் போட்டேன். ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டால் பூனைக்குத் திரும்பி வர வழி தெரியாது, நம் ஆட்கள் செய்வதுதானே. படுவான்கரையில விட்டிட்டு வாறன் என்று அப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னேன். ஓம், கொண்டு போ, மறுகா வந்து என்னையும் கொண்டுபோய் விடு என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. குருமண்வெளித் துறையில் அக்கரைக்குப் போகிற பாதைப் படகுக்கு நிற்கும்போது காவலுக்கு நின்ற ஆமிக்காரப் பெடியன் சாக்கு அசைவதைக் கண்டு துவக்கைத் திருப்பினான். குண்டென்று நினைத்தானோ என்னவோ. நான் பதறிப்போய்க் கையை உள்ளே விட்டுத் தூக்கிக் காட்டினேன். அது விரலைக் கவ்விய கவ்வில் நான் கத்த, அவன் தன் சிங்களத்தில் பூசா, பூசா என்று சிரித்தான். கையை இழுத்தேன். மீன்முள் நுனி போல ஒரு பல் என் சதையில் குத்தி நின்றது.

படகு போய்விட்டது, நான் ஏறவில்லை. மேனுகாவின் முன்பல் ஆடிக்கொண்டிருந்ததே மகள். விழுந்ததும் அப்பாவின் தோளில் ஏறி நின்று தானே கூரைக்கு எறியப் போவதாகச் சொல்லித் திரிந்தாள். அவளைக் கண்டெடுத்தபோது வாய் மண்ணைத் துடைத்தவள் நான். வீட்டைப் பெயர்த்த கடல், தென்னையைப் பிடுங்கிய கடல், ஆடிக்கொண்டிருந்த அந்தப் பல்லைப் பிடுங்கவில்லை. அதோடுதான் புதைத்தோம்.

குட்டியைத் திரும்பக் கொண்டுவந்தேன். இரக்கப்பட்டு அல்ல, அப்படி நினைத்துக்கொண்டு அங்கே இருந்து அழாதே. வாசலில் நின்று அந்தப் பல்லைத் தகரத்தில் எறிந்தேன், சறுக்கி விழுந்தது. திரும்ப எறிந்தேன், திரும்ப விழுந்தது. அப்பா வந்து அதை வாங்கி, தகரம் பறக்காமல் வைத்திருக்கிற கல்லுக்குக் கீழே எட்டிச் செருகினார். பிறகு, விரலைக் காட்டு என்றார். கடல் வந்த பிறகு அந்த மனிசன் என்னிடம் ஏசாமல் பேசியது அன்றைக்குத்தான். இப்போது முள் நான்தான் எடுக்கிறேன், அவருக்கு எங்கே கண் தெரிகிறது. கடித்தால் தலையில் ஒரு குட்டு வைக்கிறேன். இன்னும் எனக்கு அதன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. வீட்டுக்கார மடம் ஏசினால் திருப்பி வாய் காட்டாதே, உன் வாய் என் வாய், எனக்குத் தெரியும். வெயிலில் வெறுங்காலோடு மாடிக்குப் போகாதே. பிள்ளையார் உன்னை எனக்கு முழுசாகத் திருப்பித் தரட்டும், இனி எனக்கு எண்ணிக் கொடுக்கப் பிள்ளை இல்லை.

ஒன்று மறந்துவிடாதே. மேனுகா அந்தக் குட்டிக்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். என்னிடமும் சொன்னாள், நான் அரிசி அரித்துக்கொண்டு, போடி அங்கால என்றேன். அப்பாவுக்கும் தெரியாதாம். உனக்குக் கோலில் சொல்லியிருப்பாள். அடுத்த முறை எடுத்தால் முதலில் அதைச் சொல்லு, என் காலைப் பிறகு கேட்கலாம். பெயர் தெரியாமல் அதைக் கூப்பிடவும் முடியவில்லை, ஏசவும் முடியவில்லை.

உன் அம்மா
இரத்தினம்மா