சத்தமாக அளவு சொன்னவளுக்கு

இன்று வேலையிலிருந்து வந்து சாக்ஸைக் கழற்றியபோது கணுக்காலுக்கு மேலே ஒரு வளையம் பதிந்திருந்தது. சிவந்து, பள்ளமாக, விரலால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு. மைசூர்க் குளிருக்கு அவசரத்தில் வாங்கியது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே தள்ளுவண்டியில் மூன்று ஜோடியாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பிரித்துப் பார்க்கவில்லை, வாய்ப்பட்டையை இழுத்துப் பார்க்கவில்லை, அப்படியே பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பள்ளத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது உன் குரல் கேட்டது.

"சாக்ஸு போட்டயா புள்ள, கயிறு கட்டுனயா?"

கேட்டது என்று எழுதிவிட்டேன். நீ போய் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. ஆனாலும் உடம்பில் எங்காவது ஒரு தையல் உறுத்தினால், ஒரு எலாஸ்டிக் இறுக்கினால், முதலில் வருவது உன் பேச்சுதான். அதனால்தான் இன்றைக்கு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நாம் பழகத் தொடங்கியதே என் ஜட்டியால்தான் என்று யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். அப்போது நான் தையல் ஆலையில் செக்கிங் மேசைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. நீ இரண்டு வரிசை தள்ளிக் காலர் தைத்துக்கொண்டிருந்தாய். கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கம் மார்டள்ளி என்ற தமிழ்க் கிராமத்திலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள் என்பதும், என் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி விஜயநகரில்தான் குடியிருக்கிறாய் என்பதும் எனக்கு அன்றுவரை தெரியாது. ஆலைப் பேருந்துக்காக வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து கேட்டாய்.

"ஏம்புள்ள, காலை அகட்டி அகட்டி நடக்கற? தொடையிடுக்குல உரசுதா?"

எனக்கு உயிர் போனது போலாகிவிட்டது. முன்னால் இரண்டு ஆண்கள் நின்றிருந்தார்கள். "அய்யோ, ஸ்வல்ப மெதுவா பேசுங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றேன். கன்னடமும் தமிழும் கலந்த என் பேச்சைக் கேட்டு நீ சிரித்தாய். பிறகு காதருகே வந்து, "எத்தன நாளா?" என்றாய். இரண்டு மாதம் என்றேன். பவுடர் போட்டேன், தேங்காயெண்ணெய் தடவினேன், எதுவும் கேட்கவில்லை என்றேன். மருந்துக் கடையில் போய்க் கேட்கவும் வெட்கம்.

"நாள் முச்சூடும் எவனோ போடற சட்டைக்குத் தையல் சரியா இருக்குதான்னு பாக்கற. உன்ற உடம்புல ஒட்டிக் கெடக்கறதுக்கு யாரு பாப்பா?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே சந்தைப் பக்கம் இருந்த அந்தச் சின்னக் கடைக்குக் கூட்டிப் போனாய். அதுவரை நான் உள்ளாடை வாங்கிய விதம் உனக்குத் தெரியும். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போவேன். கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைக் கைகாட்டி, "எண்பத்தஞ்சு" என்பேன். அவர் செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பார். கல்யாணத்துக்கு அம்மா வாங்கிக் கொடுத்த அளவு அது. இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அதே எண்பத்தைந்துதான்.

நீ கைப்பையிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்தாய். துணி அடுக்குக்குப் பின்னால் என்னை நிறுத்தி இடுப்பைச் சுற்றினாய். "உடம்பு மாறிப்போச்சு, நம்பர் மட்டும் அப்படியே நிக்குமா?" என்றபடி கடைக்காரரிடம் போய், பக்கத்து வீட்டில் பால் கேட்கும் குரலில், "தொண்ணூத்தஞ்சு குடுங்க. காட்டன். லேஸு வேண்டா" என்றாய். பெட்டியைப் பிரித்து ஒன்றை உள்பக்கமாகத் திருப்பினாய். தொடை வரும் இடத்தில் எலாஸ்டிக் வெறுமனே தெரிந்தால் வேண்டாம், துணி போர்த்தியிருக்க வேண்டும். நடுவில் இரண்டாம் அடுக்கும் பருத்தியாக இருக்க வேண்டும். பட்டையை இரண்டு கையாலும் இழுத்துவிட்டு, சுருங்கி வருகிறதா என்று பார்த்தாய். கறுப்பை எடுத்த என் கையைத் தட்டி வெளிர் நிறத்தை வைத்தாய். "வெள்ளைபடறது நெறம் மாறுனா, ரத்தம் பட்டா, கண்ணுக்குத் தெரியோணும் புள்ள. மறைக்கறதுக்கா துணி?"

பத்து நாளில் புண் ஆறியது. என்னால் சாதாரணமாக நடக்க முடிந்தது. இவ்வளவுதானா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

உன் மாடியில் துணி உலர்த்திய கதை நினைவிருக்கிறதா? வீட்டுக்காரம்மா, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் மனைவி, ஒரு நாள் மேலே வந்து, உள்ளாடையை எல்லாம் சேலைக்கு அடியில் போட்டு உலர்த்தும்படி சொன்னார். வீட்டுக்கு நாலு பேர் வருகிறார்கள் என்றார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். நீ ஒரு கிளிப்பைக்கூட எடுக்கவில்லை. "வெயிலு படலீன்னா பூஞ்சை புடிக்குமுங்க. அப்பறம் சொறிஞ்சுட்டு நிக்கறதையும் அந்த நாலு பேரு பாப்பாங்க" என்று அரைகுறைக் கன்னடத்தில் விளக்கினாய். அவர் இறங்கிப் போனார். இரண்டு வாரம் கழித்து அதே கொடியின் கடைசியில் அவருடையதும் இரண்டு காய்ந்தன. நாம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று சிரித்தோம்.

நாற்பதைத் தாண்டி லெக்கிங்ஸ் போட்டதும் உன்னால்தான். என்னவர் முகம் சுளித்தார். "இந்த வயசுல இது எதுக்கு?" என்றார். உன்னிடம் சொன்னேன். "அவரு வந்து நம்ம கூட மலை ஏறுவாரா?" என்று மட்டும் கேட்டாய். கடையில் துணியை வாசல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்னால் கை தெரிகிறதா என்று பார்த்தாய். மறைப்புக்குள் போய்ப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுந்தாய். என்னையும் உட்கார்ந்து எழச் சொன்னாய். மறு வாரம் சாமுண்டி மலைப் படியேறினோம். பெரிய நந்தி சிலைக்குச் சற்றுக் கீழே, மூச்சு வாங்க, முழங்காலை அகட்டி வைத்துப் படியில் உட்கார்ந்தாய். "சேலை கட்டிட்டு வந்திருந்தா ஒரு கை கொசுவத்தத் தூக்கறதுக்கே போயிருக்கும்" என்றாய். ஊர் முழுக்கக் கீழே தெரிந்தது. அன்றைக்கு உன் முகத்தில் இருந்த வியர்வையும் காற்றும் எனக்கு இப்போதும் வேண்டும். வேறொன்றும் வேண்டாம், அந்தப் படியில் உன் பக்கத்தில் ஒரு கால் மணி நேரம்.

அதற்கு அடுத்த தீபாவளிக்கு முன்னால்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

அதே கடைக்குப் போயிருந்தோம். எனக்குப் பாடி பார்த்து எடுத்தாய். தோள்பட்டையின் அகலம், முதுகில் கொக்கி உறுத்துகிறதா, கையைத் தூக்கினால் மேலே ஏறுகிறதா, எல்லாம் பார்த்தாய். "இப்ப உனக்கு எடு" என்று டேப்பை நீட்டினேன். நீ துப்பட்டாவை இழுத்து மார்பை மூடிக்கொண்டாய். "எனக்கு இருக்கறதே போதும்" என்றாய். உன் குரல் தாழ்ந்திருந்தது. கடையில் நீ குரலைத் தாழ்த்தி நான் கேட்டதே அன்றைக்குத்தான். எனக்கு ஏதோ பட்டது. ஆனால் நான் கேட்கவில்லை. என் இடுக்கில் இருந்த புண்ணைப் பற்றி நான்கு பேர் நடுவில் கேட்டவளிடம், தனியாக இருக்கும்போதுகூட, என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை.

மாசி பிறந்த பிறகு ஆலைக் கழிப்பறை வாசலில் என் கையைப் பிடித்தாய்.

"புள்ள, இங்க ஒரு கட்டி இருக்குது."

"எப்பலேந்து?"

"தீவாளிக்கு முன்னாலிருந்தே."

புற்று என்றார்கள். இடது மார்பை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்தாவது நாள் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உன் மகள் கைக்குழந்தையோடு அடுத்த அறையில் இருந்தாள். "எல்லாத்தையும் வாய் கிழியப் பேசுவியே, இத மட்டும் ஏன் மறச்ச?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்.

"மகளுக்கு அப்ப ஏழாம் மாசம். பேறுகாலம் முடியட்டும்னு இருந்தேன்." பிறகு, "அது சும்மா சொல்றது. பயம் புள்ள. வாய்விட்டுச் சொன்னா நெசமாயிரும்னு பயம்" என்றாய்.

உன் வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

உனக்கு இடது கையைத் தூக்க முடியவில்லை. முதுகுப் பக்கம் கொக்கி மாட்ட முடியாது. தழும்பின் மேல் எந்தத் தையல் பட்டாலும் துடித்தாய். அந்தச் சனிக்கிழமை நான் தனியாக அந்தக் கடைக்குப் போனேன். பண்டிகைக் கூட்டம். குடும்பம் குடும்பமாக நின்றிருந்தார்கள். காலியாகட்டும் என்று ஓரமாக நின்றேன். காலியாகவில்லை. கடைக்காரர் நிமிர்ந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கைகாட்டப் பெட்டி எதுவும் எதிரே இல்லை. பிறகு நானே எதிர்பார்க்காத குரலில் சொன்னேன். "முன்பக்கம் கொக்கி வெச்ச பாடி. முப்பத்தாறு. சுத்தமான காட்டன். உள்ளே தையல் உறுத்தக் கூடாது. ஆபரேஷன் பண்ணி ஒரு பக்கம் மார எடுத்துட்டாங்க."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். கடைக்காரர் கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்தார். "எப்பவும் உங்க கூட வருவாங்களே, அவங்களுக்கா?" என்று கன்னடத்தில் கேட்டார். தலையசைத்தேன். அவரே ஏணியில் ஏறி மேல் தட்டில் தேடி, பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு என்று வந்த ஒரு பெட்டியை எடுத்துத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். உள்பக்கமாகத் திருப்பி என்னிடம் காட்டினார். நான் கேட்காமலே திருப்பினார். இத்தனை வருஷம் உன்னைப் பார்த்து அவரும் பழகியிருந்தார் போல.

தழும்பு காய்ந்ததும் நீ வேலைக்குத் திரும்ப வேண்டும் என்றாய். ஒரு பக்கம் தட்டையாக இருப்பதைப் பற்றி நீ பேசவில்லை, ஆனால் கண்ணாடி முன்னால் தோளைச் சாய்த்து நின்று பார்ப்பாய். பழைய பருத்தி பனியனை வெட்டி ஒரு சிறு பை தைத்தேன். முதலில் இலவம்பஞ்சு அடைத்தேன். கனம் இல்லாமல் மேலே மேலே ஏறியது. அதனால் நடுவில் கடுகு வைத்துத் தைத்து, பாடிக்கு உள்ளே அது நிற்க ஒரு மடிப்பும் போட்டேன். நீ அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாய்.

"இத வெச்சு ஒரு மாசத்துக்குத் தாளிச்சிரலாம் புள்ள."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துச் சிரித்து உனக்குத் தழும்பு இழுத்தது, அப்படியும் நிறுத்த முடியவில்லை. உன் மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். பதினொரு மாதம் அந்தப் பையோடு வந்து காலர் தைத்தாய். பேருந்தில் எனக்கு இடம் போட்டு வைத்தாய். பழைய வாழ்க்கை திரும்பிவிட்டது என்றுதான் நான் நம்பினேன்.

மறுபடி வந்தபோது அது எலும்புக்குப் போயிருந்தது. ஊசி மருந்தில் உன் பாதம் மரத்துப்போனது. எப்போதும் சில்லென்றிருக்கும். "காலு யாருதோ மாதிரி இருக்குது" என்றாய். கடையில் கிடைத்த சாக்ஸ் எல்லாம் வீங்கிய காலைப் பிடித்தன. நான்கு ஜோடி வாங்கி, வாய்ப்பட்டையை வெட்டிவிட்டு, தளர்வான பின்னல் துணி வைத்துத் தைத்தேன். விரல் பக்கத் தையல் படாமலிருக்க உள்பக்கத்தை வெளியே வைத்து மாட்டுவேன்.

கடைசியாக உன் காலுக்கு மாட்டியது ஒரு மத்தியானம். சன்னலில் நல்ல வெயில். முதலில் வலது கால், பிறகு இடது கால். குதிகாலைச் சரியான இடத்தில் உட்கார வைத்து, சுருக்கமெல்லாம் நீவிவிட்டு, பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ கண்ணை மூடியபடியே கேட்டாய்.

"எப்பப் புள்ள போட்டு விடுவ? குளுருது."

"இதோ, போடறேன்" என்றேன். மறுபடி முதலிலிருந்து நீவ ஆரம்பித்தேன்.

உன்னை உன் பிறந்த ஊரான மார்டள்ளிக்குக் கொண்டுபோனார்கள். கொள்ளேகால் வழியாக நானும் பேருந்தில் வந்தேன். குளிப்பாட்டிய பிறகு யாரோ அவசரமாக உனக்கு ஒரு ரவிக்கையை மாட்டினார்கள். அது உன் அளவு இல்லை. சொல்ல நினைத்தேன். அழுகைச் சத்தத்தில் சொல்லவில்லை. அது இன்னும் என்னை அறுக்கிறது.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரியில் போய் மார்பைப் பரிசோதித்துக்கொள்கிறேன். வீட்டில் மாதம் ஒருமுறை நானே தடவிப் பார்க்கிறேன். கடைசியாகப் போனபோது ஒன்றும் இல்லை என்றார்கள். சீட்டு எழுதிய நர்ஸ் கேட்டாள், "கட்டி இல்ல, வலி இல்ல, ஆனாலும் தவறாம வரீங்களே. யாராவது சொன்னாங்களா?"

"என் சிநேகிதி" என்றேன்.

"நல்ல சிநேகிதி. அவங்களும் பரிசோதனை பண்ணிக்கறாங்களா? அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

பின்னால் வரிசை நீண்டிருந்தது. அவள் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆகட்டும், கூட்டிட்டு வரேன்" என்றேன்.