சந்திரமதிக்கு அந்தி தெரியவில்லை

12 ஜூலை 1957
கூடத்து பல்பை மாற்றினேன். இருபத்தைந்து வாட்டை எடுத்துவிட்டு அறுபது. தெருவிளக்கு ஃபிட்டர் வீடே மங்கலாக இருந்தால் காஜா பேராங் தெரு முழுக்கச் சிரிக்கும்.

பொழுது சாய்ந்தால் மகள் சந்திரமதி சுவரைத் தடவி நடக்கிறாள். ஏழு வயதில் இத்தனை நடிப்பா என்று அதட்டினேன். அழவில்லை. என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள் — கொஞ்சம் தள்ளி.

15 ஜூலை
நூறு வாட். கூடத்தில் ஒழுங்காக நடக்கிறாள். பல்புதான் கோளாறு என்று என் மனைவி பூங்காவனத்திடம் பீற்றிக்கொண்டேன். அவள் பிள்ளையை வாசலில் இறக்கிக் காட்டினாள். மறுபடி தடவல்.

21 ஜூலை
மே மாதம் மணல்வாரி அம்மை போட்டுப் பிழைத்த பிள்ளை. பிழைத்தால் ஆகஸ்டு முடிய வீட்டில் கவிச்சி இல்லை என்று மாரியம்மனிடம் வாய்விட்டவன் நான். பத்தியம் என்று கீரை, பப்பாளியையும் நிறுத்தினேன். ரசம் சோறு, கஞ்சி. உடம்பு இன்னும் தேறவில்லை. அதனால் நேற்று விரதத்தைத் தீபாவளி வரை நீட்டிவிட்டேன். சாமியிடம் ஓவர்டைம் கேட்டு வாங்கிய ஃபிட்டர் வேறு யாராவது உண்டா?

26 ஜூலை
பிள்ளையின் இடது கண் வெள்ளையில் சோப்பு நுரை மாதிரி ஒரு பொட்டு. துடைத்தால் போகவில்லை. நாளை ஆஸ்பத்திரி. பயமாக இருக்கிறது.

27 ஜூலை
டாக்டர் ராஜரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். மாலைக்கண் என்றார். பல்பு கதையைச் சொன்னேன். "நல்ல காலம், பல்போட நிண்டுட்டீர். இன்னும் ரெண்டு கிழமை, பதினாலு நாள், விட்டிருந்தா பிள்ளையின்ர கருவிழி கரைஞ்சிருக்கும்."

என்னை உட்கார வைத்து விளக்கினார். கண்ணுக்குப் பின்னால் நரம்பணுக்கள். அவற்றில் ஒரு புரதம். அதற்குள் வளைந்து உட்கார்ந்திருக்கும் சின்னத் துணுக்கு. வெளிச்சம் பட்டால் துணுக்கு நிமிரும், புரதம் அசையும், நரம்பு மூளைக்குச் சேதி சொல்லும். நிமிர்ந்தது கழன்றுவிடும். அந்த இடத்தில் புதிதாக ஒன்று உட்கார ஏ வைட்டமின் வேண்டும். இவளுக்கு மிச்சமிருப்பது பகலுக்குப் போதும், அந்திக்குப் போதாது.

சுவிட்ச் வெளிச்சத்தைப் போடும் என்றுதான் இருபது வருஷமாக நினைத்திருந்தேன். வெளிச்சமே தட்டிப் போடுகிற சுவிட்சும் இருக்கிறதாம், என் மகள் கண்ணுக்குள்ளேயே.

என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். மீன், முட்டை, ஈரல், கீரை, பப்பாளி. நான் நிறுத்திய பட்டியலைத்தான் வாசித்தார். கையில் ஒரு புட்டி மீன் எண்ணெயும் தந்தார்.

28 ஜூலை
புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காலையெல்லாம் நின்றேன். விரதம்? அம்மன் கோபித்துக்கொண்டால்? பூங்காவனம் வாங்கிக்கொண்டாள். "அம்மனா கண்ணைக் கேட்டா? நீங்கதானே வாய் விட்டீங்க. நீங்களே இருங்க விரதம்."

கரண்டியில் ஊற்றிப் பிள்ளைக்குப் புகட்டினாள். நான் சாமி படத்தைப் பார்க்கவில்லை.

3 ஆகஸ்டு
வீடெல்லாம் அசாம் பெடாஸ் குழம்பு வாசம். அவர்கள் இருவருக்கும் மீன். எனக்கு ரசம். தீபாவளி வரை.

9 ஆகஸ்டு
நுரைப் பொட்டு சின்னதாகிவிட்டது. டாக்டருக்கு ஒரு சீப்பு பீசாங் கொண்டுபோனேன். வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு, பல்பை மாற்ற வேண்டாம் என்றார்.

18 ஆகஸ்டு
மாதக் கடைசியில் வரும் மெர்டேகா சுதந்திர நாளுக்கு பண்டார் ஹிலிர் பக்கம் விளக்குத் தோரணம் கட்டுகிறோம். பிள்ளையையும் கூட்டிப் போயிருந்தேன். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது, தெருவிளக்கு இன்னும் வரவில்லை. வழக்கம்போல் கையைப் பிடிக்கப் போனேன். உதறிவிட்டு முன்னால் நடந்தாள். நானும் விட்டுவிட்டேன்.

கொஞ்ச தூரத்தில் நின்று திரும்பினாள்.

"அப்பா, பார்த்து வாங்க. கறுப்பு நாய் படுத்திருக்கு, மிதிச்சிடப் போறீங்க."

குனிந்து பார்த்தேன். காலுக்கு ஒரு சாண் முன்னால் படுத்திருந்தது. எனக்குத் தெரியவே இல்லை.