கோட்டுக்கு வெளியே நின்றவர்

ஐப்பசி, சனிக்கிழமை இரவு

போன வருட சம்பா அறுவடையில், மெஷினில் சிக்கி என் வலது கால் முழங்காலோடு போயிற்று. இன்று சாயங்காலம் அந்தக் கால் பந்தை உதைத்தது. வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

டிவியில் இந்தியா ஆடிய கால்பந்து மேட்ச். வெளியே நல்ல மழை. போர்வையைப் போர்த்திக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நம் ஆட்டக்காரர் பந்தை அடிக்க ஓடினார். மைதானக் கோட்டுக்கு வெளியே நின்ற கோச், தன்னை மறந்து தன் வலது காலை வீசினார். அதே நொடி, இல்லாத என் பாதத்தில் ஈரப்பந்து கனமாக இடித்தது. விரல்கள்கூட மடங்கின. கோல்.

பக்கத்திலிருந்த என் மனைவி செல்வி சட்டென்று எழுந்துவிட்டாள்.

"என்னங்க, போர்வை அந்தப் பக்கம் தூக்குச்சு. அங்கதான் ஒண்ணும் இல்லையே!"

"நீயும் பாத்தியா?"

அவள் போர்வையைத் தொடாமல் கட்டிலின் மறுமுனைக்கு நகர்ந்தாள்.

மேட்ச் முடிந்ததும் கோச் பேட்டி கொடுத்தார். கோட்டுக்குள் கால் வைக்கத் தனக்கு அனுமதி இல்லை, ஆனாலும் ஒவ்வொரு பந்தையும் தானும் சேர்ந்துதான் உதைப்பதாகச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கால் போகும்வரை ஊர் கால்பந்து டீமில் ஆடியவன் நான். எங்கள் ஊர்ப் பெண்கள் டீமின் கேப்டன் போன வாரம் பயிற்சி தரச் சொல்லி வந்தாள். கால் இல்லாதவனிடம் என்ன கற்பீர்கள் என்று திருப்பி அனுப்பியிருந்தேன். இன்று நானே போன் செய்தேன்.

"காலையில மைதானத்துக்கு வர்றேம்மா."

"நெசமாவாண்ணே? வாங்க, வாங்க!"

செல்வி விளக்கை அணைக்க விடவில்லை. எனக்கும் பயம்தான். நாளை அந்தப் பெண்கள் பந்தை அடிக்கும்போது மறுபடியும் அப்படி நடந்தால்? நடக்காமலே போய்விட்டால் என்று நினைக்கும்போதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.