டோரின் வீட்டில் காலணியைக் கழற்றினேன்

அன்புள்ள வெண்டெல்,

முட்டிவலி குறைந்ததா? வாசல் பனியை நீங்களே தள்ளாதீர்கள். நான் நலம்.

“ஒரே பாஷை, ஒரே ராஜா. நமக்கும் இங்கிலாந்துக்காரங்களுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?” என்று நான் கனடாவிலிருந்து இங்கே கிளம்பும்போது கேட்டீர்களே, ஓர் உதாரணம் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு டோரினின் கணவர் போன வாரம் இறந்துபோனார். துக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று, தெருவே அனுதாப அட்டையைக் கதவிடுக்கில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது. நான் நம் கனடா வழக்கப்படி சுடச்சுட இறைச்சிக் குழம்போடு போய், வாசலிலேயே காலணியைக் கழற்றினேன். இங்கே யாரும் கழற்றுவதில்லை. டோரின் என் காலையே பார்த்தார்.

“என்னங்க, ஷூவக் கழட்டிட்டீங்க? ரொம்ப நேரம் இருக்கப் போறீங்களா?”

“இருக்கச் சொன்னா இருக்கேன்.”

“தரை சில்லுனு இருக்கும். அவரோட செருப்பு இருக்கு, போட்டுக்குங்க. படகு மாதிரி இருக்கும், பாத்து நடங்க.”

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். “பேச வேண்டாம், சும்மா உக்காருங்க” என்றார். இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். உங்களுடைய பழையதே போதும். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

மனைவியை இழந்த நம்மூர் ஆர்லோவுக்கு அடுத்த முறை சாப்பாடு கொண்டுபோனால், கொடுத்ததும் திரும்பிவிடாமல் ஒரு மணி நேரம் பேசாமல் உடன் உட்கார்ந்திருங்கள்.

மார்லிஸ்