இடப்பக்கத்துப் பின்காம்பு

என் அன்பான ருக்மணி அக்காவுக்கு,

வேலிக்கு இந்தப்புறமிருந்து எழுதுகிறேன். நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. நீங்கள் இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுத என்ன இருந்தது? கம்பிவேலியருகே வந்து குரல் கொடுத்தால் போதுமே. இப்போது குரல் கொடுத்தால் உங்கள் நாய் மட்டும் எட்டிப் பார்க்கிறது. அதற்கும் நான்தான் சோறு வைக்கிறேன்.

முதலில் சேதி. உங்கள் மகன் மாடுகளை விற்றுவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. "பனியன் ஷிப்மெண்ட்டுக்கு ஓடறதா, சாணி அள்ளறதா, நீங்களே சொல்லுங்க சித்தி" என்றான். மல்லியை மட்டும் விற்கவில்லை. "இது அம்மாவோட செல்லமுங்க. நீங்களே ஓட்டிக்கங்க" என்று கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு காரில் ஏறினான். மல்லி மூன்று நாள் சரியாகத் தீவனம் தின்னவில்லை, வேலியைப் பார்த்தே நின்றாள். நானும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தேன்.

நம் கதை தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. சேவூர்ப் பக்கம் இருவருக்கும் ஒரே தோட்டம். பாகம் பிரித்தபோது நடுவில் கம்பிவேலி வந்தது. தும்பை என்ற பசுவின் இரண்டு கிடாரிக் கன்றுகளை ஆளுக்கொன்றாகப் பிரித்தார்கள். "மொதல்ல நீ புடி அம்மிணி" என்றீர்கள். நான் எடுப்பாக நின்றதைப் பிடித்தேன். நீங்கள் மிச்சத்தை ஓட்டிக்கொண்டு போனீர்கள். மிச்சம்தான் அதிகமாகக் கறந்தது, எனக்கு எப்படி இருந்திருக்கும்!

அன்று ஆரம்பித்தது நம் போட்டி. உங்கள் மாட்டுக்கு எந்தக் காளையின் சினை ஊசி என்று ஊசி போட வருகிறவரிடம் நைசாகக் கேட்டு வாங்கிவிடுவேன். என்னுடையதை நீங்கள் கேட்டு வாங்குவீர்கள். "அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க" என்று இரண்டு பேரும் அவரிடம் சத்தியம் வாங்குவோம். பாவம் மனிதர், இரண்டு வீட்டிலும் காப்பி குடித்துவிட்டு இரண்டு வீட்டிலும் சொல்லிவிடுவார்.

விடியற்காலையில் ஒரே நேரத்தில்தான் கறக்க உட்காருவோம். உங்கள் வாளியில் பால் விழும் சத்தம் நான் மாடு கட்டும் கட்டுத்தரைவரை கேட்கும். காலி வாளியில் முதலில் 'சர்' என்று விழுவதும், நுரை ஏற ஏறச் சத்தம் அடங்குவதும் கேட்டே, நீங்கள் எவ்வளவு கறந்தீர்கள் என்று சொல்லிவிடுவேன். இப்போது ஒரு வாளிச் சத்தம்தான் கேட்கிறது. வீட்டுக்காரர் கம்பெனி வேன் எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு அந்தச் சத்தமும் முடிந்துவிட்டால், பேச ஆளில்லை அக்கா.

எழுத உட்கார்ந்தது இதற்கல்ல. இதைத் தள்ளிப்போடத்தான் இத்தனை சேதியும் சொன்னேன்.

நான் நல்லூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவள் என்பது ஊருக்கே தெரியும். ஒருநாள் பால் சொசைட்டியில் எல்லோர் முன்னாலும், "உன்னுது நூல் புடிக்கற கை அம்மிணி. மிஷினுக்குப் பழகும், மடிக்குப் பழகாது" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் வீடு வருவதற்குள் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை. அந்த வருடக் கால்நடைக் கண்காட்சியில் உங்களைத் தோற்கடித்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

கறவைப் போட்டிக்கு முந்தின சாயங்காலம் எல்லா மாடுகளின் மடியையும் மைதானத்திலேயே ஒட்டக் கறந்துவிட வேண்டும். மறுநாள் காலைவரை சுரக்கும் பால்தான் கணக்கு, மடியில் மிச்சம் விட்டால் அதுவும் அதோடு சேர்ந்துவிடும். கறந்த மடி காலிதானா என்று இன்னொரு போட்டியாளர் இழுத்துப் பார்த்துச் சொல்ல, மாட்டு டாக்டர் எழுதிக்கொள்வார். நான் மூன்று காம்புகளை ஒட்டக் கறந்தேன். இடப்பக்கத்துப் பின்காம்பில் பாதியோடு நிறுத்திவிட்டு, விரலைச் சும்மா ஓட்டிக்கொண்டிருந்தேன். யாராவது அரைகுறையாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். சீட்டுக் குலுக்கினார்கள். என் மாட்டுக்கு உங்கள் பெயர் வந்தது.

நீங்கள் உட்கார்ந்து ஒவ்வொரு காம்பாக இழுத்தீர்கள். நாலாவதில் பால் கெட்டியாகப் பீறிட்டு உங்கள் உள்ளங்கையில் விழுந்தது. நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கையை மூடிக்கொண்டு எழுந்து, இடுப்பில் செருகியிருந்த பனியன் துணியில் துடைத்துக்கொண்டு, "காலிங்க டாக்டர். சுத்தமாக் கறந்திருக்குதுங்க" என்றீர்கள்.

மறுநாள் என் மாடு முதல் பரிசு. உங்கள் மாடு கொஞ்சம் குறைந்து இரண்டாவது. உரக்கக் கைதட்டியது நீங்கள்தான். இரண்டு மாடுகளையும் ஏற்றிக்கொண்டு ஒரே டெம்போவில் திரும்பினோம், என் மடியில் பரிசுக் குடம். வழி முழுக்க ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினீர்கள்: "கொடத்தப் புடிச்சுக்க அம்மிணி, உருண்டுரப் போவுது."

அடுத்த வருடம் கண்காட்சிக்கு நீங்கள் வரவில்லை. "முட்டி வலிக்குது. நீ போய்ட்டு வா" என்றீர்கள். அந்த முட்டியை மடக்கித்தானே கடைசி நாள்வரை இரண்டு வேளையும் கறந்தீர்கள்?

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னீர்களா? அல்லது, இவளோடு போட்டி போட இனி என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டீர்களா? ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே அக்கா. ஆறு வருடம் வேலியருகே நின்று மழையையும் மருமகள்களையும் பேசினோம், இதைப் பேசவில்லை. நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்றே இருந்துவிட்டேன். அந்தக் குடத்தில் இன்றுவரை நான் தண்ணீர் பிடித்ததில்லை.

இந்த வருடம் மல்லியைக் கண்காட்சிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். உங்கள் பெயரில்தான் பதிந்தேன். "ஓனர் வரலீங்களா?" என்றார்கள். "வரலீங்க. நாந்தான் கறக்கோணும்" என்றேன். வேறென்ன சொல்வது?

சாயங்காலம் கறக்க உட்கார்ந்தால், மைக் செட் சத்தத்தில் மல்லி மிரண்டு பாலை ஒளித்துக்கொண்டாள். எந்தக் காம்பில் ஒளிப்பாள் என்று உங்களுக்குத் தெரியுமே. சோதிக்க வந்தது கணியூர்ப் பெண், இந்த வருடம்தான் புதிது. அங்கே அவள் மாடு கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது. பதற்றத்தில் மூன்று காம்புகளை மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, "காலிங்க" என்றாள். டாக்டர் பேனாவை எடுத்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், உங்கள் பெயர் முதலில் வந்துவிடும். எனக்காக இல்லையே, உங்களுக்காகத்தானே என்று மனசு நியாயம் பேசியது. அன்றைக்கு எடுத்ததை இன்றைக்குக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றும் சொன்னது. டாக்டர் எழுதத் தொடங்கிவிட்டார்.

"இல்லீங்க டாக்டர். இன்னும் இருக்குதுங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அக்கா, நான் வேணும்னு பண்ணலீங்க" என்றாள். "உன்ற மேல தப்பில்ல கண்ணு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மல்லியின் மடியைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒளித்த பாலை விட்டாள். வந்த பாலைப் பார்த்தபோது கண் மறைத்தது. எல்லோர் நடுவிலும் அழுதேன், வெட்கமாகத்தான் இருந்தது.

மறுநாள் மல்லிக்கு மூன்றாம் பரிசு. மைக்கில் உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் மேடையேறினேன். "ருக்மணிங்கறது நீங்களாங்க?" என்று கேட்டார் டாக்டர். "இல்லீங்க. அவங்களுக்குப் பக்கத்துல உக்காந்து கறந்தவளுங்க" என்றேன். பால் கொண்டுபோகிற தூக்குப்போசி ஒன்று கொடுத்தார்கள். டெம்போவில் வரும்போது, பிடித்துக்கொள் என்று சொல்ல யாருமில்லை. நானே பிடித்துக்கொண்டு வந்தேன்.

உங்கள் மகனிடம் உங்கள் கட்டுத்தரைச் சாவியைக் கேட்டு வாங்கிவிட்டேன். நாளையிலிருந்து மல்லியை அங்கேயே கட்டப்போகிறேன். விடியற்காலையில் வேலியைத் தாண்டி வந்து, நீங்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து கறப்பேன். வேலிக்கு அந்தப்புறம் மறுபடியும் வாளிச் சத்தம் கேட்கும். இந்தப்புறமிருந்து அதைக் கேட்க நான் இருக்கமாட்டேன், யாரும் இருக்கமாட்டார்கள். இருந்தாலும் கறப்பேன் அக்கா, நாலு காம்பும், ஒட்ட.

வேலிக்கு இந்தப்புறத்து
உங்கள் அம்மிணி,
செல்வி