வாடா என்றால் சேவலா

மார்ச் 9, திங்கள்
மஞ்சள் மயிர் உதிர்ந்து பழுப்புச் சிறகு முளைக்கிறது. மகள் தன் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட விளக்குச் சூட்டில் வைத்த முட்டைகளில் பொரித்தது இந்தக் கோழிக்குஞ்சு ஒன்றுதான். வேலை மாற்றலாகி வெளியூர் போனவள், விடுதி அறையில் இதற்கு இடமில்லை என்று செருப்புப் பெட்டியில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் போன். "அப்பா, சேவலா பொட்டையா, ஏதாவது தெரியுதா?"
மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணையெல்லாம் சோதித்து அனுப்புகிறவனுக்கு உள்ளங்கையில் இருப்பது ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. சொன்னேன். சிரித்தாள்.

மார்ச் 21
கால் தடிமனாக இருக்கிறது. சேவலோ?

மார்ச் 22
இல்லை, பெட்டைதான். முழிக்கிற முழியே சொல்கிறது.

ஏப்ரல் 4
மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மா கொல்லைப் பக்கம் வந்து பார்த்தார். பெட்டை என்றால் இருக்கட்டும், சேவல் என்றால் கூடாது என்றார். ஆஸ்பத்திரியில் இரவு வேலை அவருக்கு. விடிந்த பிறகுதான் படுக்கிறார். கேட்பதில் தப்பே இல்லை. பெட்டைதான் என்று அடித்துச் சொன்னேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஏப்ரல் 18
மகள் தினமும் கூப்பிடுகிறாள். கொண்டையைப் படம் எடுத்து அனுப்பு, வாலை அனுப்பு என்கிறாள். அம்மாவிடம் இரண்டு வார்த்தை, பிறகு "அப்பாகிட்ட குடு". எனக்குப் பெருமை தாங்கவில்லை. இங்கே இருந்தபோதுகூட என்னோடு இவ்வளவு பேசியதில்லை.
ஆனால் ஒன்று உறுத்துகிறது. சேவல் என்று தெரிந்தால் இது போய்விடும். போய்விட்டால் எதற்குக் கூப்பிடுவாள்? எங்கள் இரண்டு பேருக்கும் வேறு என்ன பேச்சு இருக்கிறது?

ஏப்ரல் 26
கடைக்கு ஒரு வாண்டு வந்து, பார்வைப் பலகையைப் பார்க்காமலே எழுத்துகளை ஒப்பித்தது. என் மகளும் அப்படித்தான். பள்ளிவிட்டு வந்து கடை ஸ்டூலில் கால் ஆட்டிக்கொண்டே மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று கடகடவெனச் சொல்வாள். ஊர்க் கண்ணெல்லாம் பார்த்தேன், அவள் கண்ணைச் சோதிக்க மட்டும் விடவே மாட்டாள். அந்த ஸ்டூல் இப்போது கூரியர் பொட்டலம் வைக்கத்தான் உதவுகிறது.

மே 3
வம்பு. காலையில் தீனியோடு நின்று "வாடா கண்ணு, வாடா" என்று கூப்பிட்டதை வீட்டுக்கார அம்மா மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டார். "வாடான்னு கூப்பிடுறீங்க. அப்ப சேவல்னு தெரிஞ்சேதான் வெச்சிருக்கீங்களா?"
மனைவிதான் காப்பாற்றினாள். "பெத்த பொண்ணையே அப்படித்தாங்க கூப்பிடுவாரு."
உண்மைதான். மகள் வயிற்றில் இருந்தபோது, வயிறு இருக்கிற வாகைப் பார்த்தே பையன் என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். நானும் நம்பி, வேலை விட்டு வந்ததும் குனிந்து "டேய், என்னடா பண்றே" என்பேன். உள்ளேயிருந்து ஓர் உதை வரும். பிறந்தது பெண். உதைத்தது இவள், நான் கூப்பிட்டதும் இவளைத்தான் — அப்புறம் எதற்கு மாற்ற வேண்டும்? பள்ளிக்கூட வாசலில் "வாடா, போலாம்" என்றால், புத்தகப் பையை என் கழுத்தில் மாட்டிவிட்டு முன்னால் ஓடுவாள். கழுத்து விண்ணென்று வலிக்கும். அந்த வலிக்கு இப்போது ஏங்குகிறேன்.

மே 17
கொண்டை சிவந்துவிட்டது. முதுகில் கூர் இறகு. சேவலேதான். வேண்டுமென்றே மங்கலாக ஒரு படம் அனுப்பினேன். போகஸ் சரியில்லையாம். கண்ணாடிக் கடைக்காரனிடம் சொல்கிறாள்!

மே 29
கூவிவிட்டான். எண்ணெய் போடாத கதவு மாதிரி ஒரு சத்தம். பாய்ந்து போய் அதைவிடப் பலமாக இருமினேன். எத்தனை நாளைக்கு இருமுவீர்கள் என்கிறாள் மனைவி.

ஜூன் 1
வீட்டுக்கார அம்மா எனக்கு இருமல் மருந்து கொண்டுவந்தார். வாங்கும்போதே பின்னால் அவன் கூவினான். அவர் கோபப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வழி பண்ணச் சொன்னார். மருந்தையும் திரும்பக் கேட்கவில்லை.

ஜூன் 7, ஞாயிறு
விஷயம் தெரிந்து மகளே வந்து கூடையில் எடுத்துப் போனாள். போன வாரம்தான் தோட்டம் வைத்த சின்ன வீட்டுக்கு மாறினாளாம். இளைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்க நினைத்தேன். பஸ் கிளம்பும்வரை சேவலைப் பற்றியே பேசினோம். வீட்டுக்கு வந்து தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தபோது அழுகை வந்துவிட்டது.

ஜூன் 11
போன் இல்லை.

ஜூன் 13
இல்லை. நீங்கள் பண்ணினால் என்ன, கை சுளுக்கா என்கிறாள் மனைவி. நான் என்றைக்கு முதலில் கூப்பிட்டிருக்கிறேன்?

ஜூன் 14
கூப்பிட்டேன். உடனே எடுத்தாள். நன்றாகக் கூவுகிறான், பக்கத்து வீட்டுக் கோழிகளையெல்லாம் விரட்டுகிறான் என்று ஆரம்பித்தாள்.
"அவன் கிடக்கட்டும். நீ எப்படிடா இருக்கே?"
லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு மெதுவாக, "எனக்கு இங்க பிடிக்கவே இல்லப்பா" என்றாள்.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.