படிக்கட்டுச் சுவரில் பதித்த டைல்ஸைப் பெயர்த்துப் பார்க்கக் கோரி

அனுப்புநர்:
தையல் வேலை செய்யும் பெண்,
தரைத்தளம், மூன்று மாடிக் குடியிருப்பு.

பெறுநர்:
கட்டடப் பாதுகாப்புப் பொறியாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: சுவர் விரிசலை உடைந்த டைல்ஸ் ஓவியத்தால் மூடியது – உடனே சோதிக்க வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் படிக்கட்டுச் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரல் நுழையும் அளவு விரிசல் இருந்தது. சரிசெய்யக் கேட்டோம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் அதன்மேல் சிமெண்ட் பூசி, உடைந்த டைல்ஸ் துண்டுகளால் மீன் கூட்டம் ஒன்றைப் பதிக்கச் சொன்னார்.

2. பதித்தவர் என் கணவர். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று படம் எடுக்கிறார்கள். ஆனால் வெறும் சுவராக இருந்தவரை விரிசல் வளர்ந்தால் கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது சுவர் முழுக்கக் கோடுகள். எது இணைப்பு, எது விரிசல் என்று யாரால் சொல்ல முடியும்?

3. அந்தச் சுவரின் மறுபக்கம்தான் எங்கள் ஒரே அறை. படுத்த படுக்கையாக இருக்கும் என் மாமனாரின் கட்டில் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. பெருக்கப் பெருக்க மணல் உதிர்கிறது. செயலாளரிடம் சொன்னால், "உடைஞ்ச டைல்ஸ்ல போய் உடைசல் தேடுறீங்களேம்மா" என்று சிரிக்கிறார். சுவரைப் பார்க்கத் தங்கள் அலுவலகத்திலிருந்து வந்தவரும் ஓவியம் பிரமாதம் என்று சொல்லி, தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

4. "என் பொழப்புல நீயே மண்ணைப் போடுறியா" என்று, நான் புகார் செய்ததற்காகக் கேட்ட நாளிலிருந்து கணவர் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

5. அந்த ஓவியத்தில் உடைக்காமல் முழுதாகப் பதித்தது பெரிய மீனின் கண் ஒன்றுதான். சின்னக் கறுப்பு டைல்ஸ். இன்று காலை அது இரண்டாகப் பிளந்திருக்கிறது. கணவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். உள்ளே வந்து, தன் அப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார்.

6. நாங்கள் வெளியே வந்துவிட்டோம். மேல் மாடிகளில் இருப்பவர்கள் இறங்குவதற்கு அந்த ஒரு படிக்கட்டுதான். சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே, இம்மனுவை வரிசையில் வைக்காமல், இன்றே நேரில் வந்து, அவர்களை இறக்கிவிட்டுச் சுவரைத் திறந்து பார்க்குமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: மார்ச் 14
இடம்: குடியிருப்பின் எதிரே, தெருவில்

இப்படிக்கு,
(கையொப்பம்)
தரைத்தளப் பெண்

மேலே என் மனைவி எழுதியது உண்மை. டைல்ஸை நானே பெயர்த்துத் தருகிறேன். உளியும் சுத்தியலும் கையில் இருக்கின்றன. சீக்கிரம் வாருங்கள்.
(கையொப்பம்)
பதித்தவர்